திருவொற்றியூரில் மைனஸ் நாற்பது

சௌக்கத்: இன்னாது, மைனஸ் நாப்பதா?

சுப்புராயன்: ஆமா நைனா. கண்ண நல்லா தொடச்சிகினு பாரு.

சௌக்கத்: அண்ணாத்த, இது மே மாசம். இது திருவொத்தியூரு. என் ஷெட்டு தகரத்து மேல முட்டைய ஒடச்சி ஊத்துனா ஆம்லெட்டு. உன் வண்டி இன்னாடான்னா வெளிய மைனஸ் நாப்பது டிகிரின்னு காட்டிகினு கீது!

புஷ்பவல்லி: ஒரு வாரமா இதே கூத்துதான்பா. நேத்து என் கொழுந்தன் புள்ள கேக்குது, ‘பெரிம்மா, நம்ம நெட்டுக்குப்பத்துக்கு பனிக்கரடி வருமா’ன்னு.

சுப்புராயன்: காலீல பானெட்டு மேல வெள்ளையா படிஞ்சிகீறத பாத்தா பனின்னே சொல்லிடலாம்.

புஷ்பவல்லி: அது பவர் ஹவுஸு பொகைல வர சாம்பலு. தொடைக்கிறது நானு. எனக்கு தெரியாதா?

சௌக்கத்: சரி, சிரிப்பு கெடக்கட்டும். ஏசி ஓடுதா?

சுப்புராயன்: காத்து வருது. அடுப்ப தொறந்தா மாரி.

சௌக்கத்: எப்டி ஓடும்? முன்னாடி பம்பருக்குள்ள ஒரு சென்சாரு கீது. கட்ட வெரலு சைஸுதான். வெளிய எம்மாம் சூடுன்னு பாத்து உள்ள கீற பெட்டிக்கு சொல்றதுதான் அதோட வேல. அது மைனஸ் நாப்பதுன்னு சொல்லிச்சின்னு வய்யி... பெட்டி இன்னா நெனைக்கும்?

சுப்புராயன்: இன்னா நெனைக்கும்?

சௌக்கத்: ‘அடப்பாவிங்களா, குளுருல வெறச்சி சாவப்போறீங்க, இதுல ஏசி வேற கேக்குதா’ன்னு கம்ப்ரஸர ஓடவே வுடாது.

புஷ்பவல்லி: வூட்டு ஆளுங்கள வுட வண்டிதான் நம்ம மேல அக்கறயா கீது.

சௌக்கத்: எப்ப வோணும் வண்டி?

சுப்புராயன்: சாய்ந்தரத்துக்குள்ள. ராயபுரத்துலேர்ந்து ஜெரின்னு ஒருத்தன் வரான். நேத்தே வந்து பாத்தான். இஞ்சினு சோக்கா கீது, பாடி சோக்கா கீது, ஏசி மட்டும் ஓடணும்னான். வயசான அம்மாவ வேளாங்கண்ணிக்கு கூட்டிகினு போவணுமாம். ஏசி ஓடுனா இன்னிக்கே எடுத்துக்குவான்.

சௌக்கத்: எடுத்துக்குவானா? இரு இரு... விக்கிறியா? இந்த வண்டியயா?

சுப்புராயன்: ஆமா.

சௌக்கத்: ஒரு நெத்திலிய கூட உள்ள ஏத்த மாட்டியே அண்ணாத்த! நாத்தம் வந்துடும்னு பொண்டாட்டி மீனு கூடையவே ஆட்டோல அனுப்புற ஆளு நீ. இத்த விக்கிறியா?

புஷ்பவல்லி: நல்லா கேளு.

சுப்புராயன்: அல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம் நைனா. எங்க புள்ள ஜெகா சொன்னான்... ‘உங்க ரெண்டு பேருக்கு எதுக்கு ஏசி காரு? இத்த வித்துட்டு மீனு ஏத்துற லோடு வண்டி வாங்கலாம். அம்மா கூடையோட ஆட்டோக்காரன்கிட்ட மல்லாட வாணாம்’னான். புஷ்பாவுக்கும் அதுல ரொம்ப ஆச.

புஷ்பவல்லி: எனக்கா?

சுப்புராயன்: பின்ன யாருக்கு?

புஷ்பவல்லி: ஆ... ஆமா. எனக்குந்தான். ஆனா என்ன வுட உங்க அண்ணாத்தைக்குத்தான் சௌக்கத்து ஆச ஜாஸ்தி. புள்ள சொன்ன வொடனே தலய ஆட்டுனாரு பாரு, எனக்கே தூக்கிவாரி போட்டுச்சி.

சுப்புராயன்: ஆமா... ஆச இல்லாம இன்னா.

சௌக்கத்: ரெண்டு பேரும் ஆசைல கீறீங்க. மூஞ்சிதான் மூணாம் நாளு கருவாடு மாரி கீது.

புஷ்பவல்லி: வெயிலுப்பா.

சௌக்கத்: மைனஸ் நாப்பதுல இன்னா வெயிலு?

சுப்புராயன்: இந்தா, பேச்ச கொற. பாத்து சொல்லு, ஆவுமா ஆவாதா?

புஷ்பவல்லி: ஆவாதுன்னா பரவால்ல சௌக்கத்து. ஆவாதுன்னே சொல்ட்டு. நாங்க ஒன்னியும் நெனைச்சிக்க மாட்டோம்.

சுப்புராயன்: அதானே. பயைய வண்டி. ஸ்பேரு கெடைக்கலன்னா நீ இன்னா பண்ணுவ பாவம்.

சௌக்கத்: யப்பா, நா இன்னும் குனியவே இல்லப்பா!

புஷ்பவல்லி: குனிஞ்சி முதுவு புடிச்சிக்க போவுதுன்னு ஒரு அக்கறதான்.

சௌக்கத்: வுடுங்க... டார்ச்சு எங்க... ஆங்... ம்ம்...

சுப்புராயன்: இன்னா நைனா ‘ம்ம்’?

சௌக்கத்: ஒன்னுமில்ல. யக்கா, ஒரு உதவி. எதிர் சந்துல ஐஸு விப்பான். ரெண்டு கட்டி வாங்கியாறியா? சென்சார ஐஸுல வச்சி பாக்கணும்.

புஷ்பவல்லி: மீனுக்கு போடுற ஐஸா, ஜூஸுக்கு போடுற ஐஸா?

சௌக்கத்: எதுவா இருந்தா இன்னா யக்கா? அது துன்னவா போவுது?

புஷ்பவல்லி: மீனு ஐஸுன்னா ஒடச்சி வச்சிருப்பான், சீக்கிரம் கரையும். தெரிஞ்சிகினு போலாம்னு கேட்டா... ஆம்பளைங்களுக்கு ஐஸ பத்தி இன்னா தெரியும். வரேன் இரு.

சௌக்கத்: ...போயிட்டாங்களா?

சுப்புராயன்: முக்கு திரும்பிட்டா. ஏன்?

சௌக்கத்: ஐஸுக்கு ஒன்னும் அவசரம் இல்ல. இப்டி வா. குனி. நல்லா குனி அண்ணாத்த. இன்னா தெரியுது?

சுப்புராயன்: வயரு தொங்குது.

சௌக்கத்: பிளக்கு கயண்டு தொங்குது.

சுப்புராயன்: அடப்பாவமே! பெருச்சாளி நைனா! எங்க தெருவுல இம்மாம் பெருசு ஒன்னு சுத்திகினு கீது...

சௌக்கத்: இந்த பிளக்குல ஒரு லாக்கு கீது. கட்ட வெரலால அமுக்கிகினே இழுத்தாதான் வரும். பெருச்சாளிக்கு ஏது கட்ட வெரலு? அதுவும் தங்கமான பெருச்சாளி. பிளக்க புடுங்கிட்டு, உப்புக்காத்து படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர சுத்தி ரப்பர் பேண்டு போட்டு வச்சிகீது பாரு.

சுப்புராயன்: ...துரு புடிச்சிடும்ல நைனா.

சௌக்கத்: அண்ணாத்த!

சுப்புராயன்: மெதுவா பேசு. மெதுவா... ஆமா, நாந்தான். அவ கிட்ட மட்டும் சொல்லிடாத. உன் கால்ல வேணா வுயுறேன்.

சௌக்கத்: விக்க இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்றது! எதுக்கு இந்த டபாய்க்கிற வேல?

சுப்புராயன்: எங்க வூடு உனக்கு தெரியும்ல? ஒரு ரூமு, ஒரு ஹாலு. ஜெகாவுக்கு கல்யாணம் ஆன அன்னிக்கே ரூம அவனுக்கும் ஜோதிகாவுக்கும் குட்த்துட்டோம். புதுசா கட்டிகினதுங்க, குடுக்கணும்ல. ஹால்ல நாங்க, என் தம்பி, தம்பி பொண்டாட்டி, அதுங்க புள்ளைங்க, டிவி...

சௌக்கத்: அதுக்கும் வண்டிக்கும் இன்னா?

சுப்புராயன்: புஷ்பா கூட ஒரு வார்த்த பேசணும்னா எங்க நைனா பேசுவேன்? ‘தல வலிக்குதா’ன்னு கேட்டா ஆறு பேரு பதில் சொல்லுதுங்க. அதான்... ஞாயித்துக்கெயம நா கடல்லேர்ந்து வந்து, அவ வியாபாரம் முடிஞ்சதும் அவள ஏத்திகினு எண்ணூர் பக்கம் போவேன். ஓரமா நிறுத்தி, கண்ணாடிய ஏத்தி, ஏசிய போட்டுடுவேன். செருப்ப கயட்டிட்டு கால சீட்டு மேல தூக்கி வச்சிக்குவா. அப்பால ஆரம்பிப்பா பாரு! எவ எறாவுல தண்ணி ஊத்தி எட போட்டா, எவன் பேரம் பேசிட்டு வாங்காம போனான், எவ மருமவள அடிச்சா... அல்லாம் சொல்லுவா. சிரிப்பா. வூட்ல அவ அப்டி சிரிச்சி நா பாத்ததே இல்ல.

சௌக்கத்: ...இத்த அக்காகிட்ட சொல்லு அண்ணாத்த.

சுப்புராயன்: எப்டி சொல்ல? கூடைய தூக்கி தூக்கி அவ கயுத்து போச்சி. ராத்திரி பொரள முடியாம மொனவுறா. லோடு வண்டி வந்தா அவளுக்கு நல்லது. எனக்கு பேச்சு தொண வோணும்னு அவ கயுத்த பலி குடுக்கவா?

சௌக்கத்: அப்ப இந்த பிளக்க நா மாட்டவா, வாணாவா? நீயே சொல்லு. அக்கா வந்துடும்.

சுப்புராயன்: மாட்டு. புடுங்குனது என் தப்பு. மாட்டிடு.

சௌக்கத்: போச்சி, மாட்டிட்டேன். சாவிய போடு. இன்னா காட்டுது? முப்பத்தெட்டா, முப்பத்தொம்பதா?

சுப்புராயன்: மைனஸ் நாப்பது.

சௌக்கத்: இன்னும் இன்னா புடுங்கி வச்சிகீற?

சுப்புராயன்: எங்கம்மா சத்தியமா அது ஒன்னுதான் நைனா!

புஷ்பவல்லி: எதுக்கு கொம்மாவ இயுக்கிற? இந்தா ஐஸு. பாதி கையிலயே கரைஞ்சி போச்சி. இன்னா, கண்டுபுடிச்சியா?

சௌக்கத்: பிளக்கு கொஞ்சம்... லூசா இருந்துச்சி யக்கா. மாட்டிட்டேன். ஆனா கோளாறு போவல.

புஷ்பவல்லி: ஓ! லூசா இருந்துச்சா?

சௌக்கத்: ரோட்டு குலுக்கல்ல கயண்டிருக்கும்.

புஷ்பவல்லி: இருக்கும் இருக்கும். நம்ம ரோடு அப்டி.

சௌக்கத்: சென்சார கயட்டி வெளிய எடுத்துட்டேன். இப்ப மீட்டர வச்சிகினு ஐஸுல வய்க்கிறேன். அண்ணாத்த, முள்ள பாரு. நகருதா?

சுப்புராயன்: நகருது.

சௌக்கத்: இப்ப எடுத்து உள்ளங்கையில மூடிக்கிறேன். கை சூட்டுக்கு முள்ளு திரும்ப வரணும்.

சுப்புராயன்: வருது வருது. சோக்கா வருது!

சௌக்கத்: அப்ப சென்சாரு நல்லாகீது. குளிருன்னா குளிருன்னு சொல்லுது, சூடுன்னா சூடுன்னு சொல்லுது. வூட்ல ஆளுங்களும் இப்டி இருந்துட்டா எவ்ளோ நல்லா இருக்கும்.

சுப்புராயன்: யாரடா சொல்ற?

சௌக்கத்: பொதுவா சொன்னேன். அப்ப கோளாறு வயருலதான். சென்சார்லேர்ந்து உள்ள பெட்டிக்கு போற வழில எங்கியோ கட்டு.

புஷ்பவல்லி: அந்த வயரெல்லாம் எதுக்குப்பா நோண்டிகினு? ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிடப்போவுது. வா, டீ சொல்றேன். பஜ்ஜி போட்டுகினு கீறான் அங்க.

சுப்புராயன்: நீ இரும்மே. அவன் பாக்கட்டும். நல்லபடியா முடிஞ்சா உனக்கு லோடு வண்டி வரும்ல?

புஷ்பவல்லி: ...வரும் வரும்.

சௌக்கத்: ஆங்... பேட்டரிக்கு அடில டேப்பு சுத்திகீற எடத்துல... கெடச்சிடுச்சி! வயரு ரெண்டா கீது.

சுப்புராயன்: பெருச்சாளி!

சௌக்கத்: இன்னொன்னா?

சுப்புராயன்: இல்ல நைனா, இது நெசமாவே பெருச்சாளிதான்!

புஷ்பவல்லி: இன்னாய்யா ஒளர்ற? ‘நெசமாவே’ன்னா?

சுப்புராயன்: ஒன்னுமில்லமே.

சௌக்கத்: கடிச்ச மாரி இல்ல அண்ணாத்த. கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும். இது ஒரே இழுப்பு. நல்லா சாண புடிச்ச கத்தி... அட. மொனைல இன்னாவோ பளபளன்னு ஒட்டிகினு கீது.

சுப்புராயன்: இன்னா அது?

சௌக்கத்: செதிலு.

சுப்புராயன்: மீனு செதிலா? என் வண்டிலயா? காத்துல பறந்து வந்திருக்கும். நெட்டுக்குப்பத்துல செதிலு பறக்காம செவ்வந்தியா பறக்கும்?

புஷ்பவல்லி: அதானே. காத்துதான். வயர பாரு சௌக்கத்து.

சௌக்கத்: பாத்துட்டேன் யக்கா. நல்லாவே பாத்துட்டேன்.

புஷ்பவல்லி: பாத்துட்டன்னா ஒட்ற வேலைய பாரு. வாய மூடிகினு.

சௌக்கத்: மூடிகினேன். ஈயம் வச்சி ஒட்டி, மேல டேப்பு சுத்தி... சென்சார எடத்துல மாட்டி... ஆச்சி. அண்ணாத்த, சாவிய போடு.

சுப்புராயன்: மைனஸ் முப்பத்தொம்பது.

சௌக்கத்: வுயிரு வந்துடுச்சி! பயைய வண்டி, பொசுக்குன்னு ஏறாது. ஓடுனாதான் காத்து பட்டு மெதுவா ஏறும். ஒரு ரவுண்டு போயி வாங்க.

சுப்புராயன்: நீயும் வா.

சௌக்கத்: எனக்கு வேல கீது. நீங்க ரெண்டு பேரும் போங்க. எர்ணாவூர் தாண்டி போயிட்டு வாங்க. யக்கா, ஏறு. கண்ணாடிய ஏத்திக்கோ.

*

புஷ்பவல்லி: மைனஸ் பன்னெண்டு.

சுப்புராயன்: நம்பர பாக்காதமே, தல சுத்தும்.

புஷ்பவல்லி: நீ லாரிய பாரு. அந்த கன்டெய்னருகாரன் மூஞ்சில வந்து இடிக்கிறான்.

சுப்புராயன்: எனக்கு ரோடு தெரியும். ...இப்ப எவ்ளோ?

புஷ்பவல்லி: நம்பர பாக்காதன்னியே?

சுப்புராயன்: சொல்லுமே.

புஷ்பவல்லி: நாலு.

சுப்புராயன்: இன்னும் கொஞ்சம் ஏறுனா ஏசி வந்துடும்.

புஷ்பவல்லி: ம்.

சுப்புராயன்: ஜெரி நல்ல பையன்தான். வண்டிய ஒயுங்கா வச்சிக்குவான்.

புஷ்பவல்லி: ம்.

சுப்புராயன்: அவுங்கம்மா பின்னாடி சீட்ல சோக்கா குந்திகினு போவும்.

புஷ்பவல்லி: முன்னாடி சீட்ல யாரு குந்துவா?

சுப்புராயன்: அது... அவன் பொண்டாட்டி குந்துவா.

புஷ்பவல்லி: செருப்ப கயட்டிட்டு கால மேல வச்சிக்குவாளா?

சுப்புராயன்: ...அத்தெல்லாம் எனக்கு எப்டிமே தெரியும்?

புஷ்பவல்லி: யோவ். ஜில்லுனு வருது.

சுப்புராயன்: இன்னா?

புஷ்பவல்லி: ஏசி. கைய வச்சி பாரு. நம்பரு இருவத்தொன்னு... ஏறிகினே கீது.

சுப்புராயன்: ஆமா... வந்துடுச்சி. சௌக்கத்து கைராசிக்காரன். ஓரமா நிறுத்துறேன். ஒரு நிமிசம் குந்திட்டு போலாம்.

புஷ்பவல்லி: போனு அடிக்குது. ஜெரி.

சுப்புராயன்: எடு.

புஷ்பவல்லி: நீ எடு.

சுப்புராயன்: நீயே எடுத்து, ஏசி ஓடுதுன்னு சொல்லு. உன் கயுத்துக்கு ஒரு விடிவு வரட்டும்.

புஷ்பவல்லி: ஹலோ... ஸ்பீக்கர்ல போடுறேன் இரு தம்பி.

ஜெரி: யக்கா, இன்னா ஆச்சி? ஏசி ஓடுதா? நா கெளம்பவா? எங்கம்மா இப்பவே பொடவ மாத்திகினு குந்திகீது.

புஷ்பவல்லி: ஓடுது தம்பி. ஐஸு மாரி ஓடுது.

ஜெரி: மாதாவே! அப்ப வரேன் யக்கா.

புஷ்பவல்லி: வா. வந்து அம்மாவ ஏத்திகினு போ. வேளாங்கண்ணிக்கு எங்க வூட்டுக்காரரே ஓட்டிகினு வருவாரு. ஆனா வண்டி விக்கிறதுக்கு இல்லப்பா. மன்னிச்சிக்கோ.

ஜெரி: இன்னாக்கா இது, நேத்து வரிக்கும்...

புஷ்பவல்லி: நேத்து மைனஸ் நாப்பதுல இருந்தோம். புத்தி வெறச்சி போச்சி. வய்க்கிறேன் தம்பி.

சுப்புராயன்: ஏய்... ஏய் புஷ்பா! இன்னாமே பண்ண?

புஷ்பவல்லி: காது கேக்கல? விக்கல.

சுப்புராயன்: ஜெகாவுக்கு இன்னா பதில் சொல்றது?

புஷ்பவல்லி: அவனுக்கு ரூம குட்த்தோம்ல. கதவ சாத்திகினு கீறான்ல. நமக்கும் சாத்திக்க நாலு கதவு கீதுன்னு சொல்லு.

சுப்புராயன்: உன் கயுத்து?

புஷ்பவல்லி: அது என் கயுத்து.

சுப்புராயன்: அப்டி வுட முடியாது. நாளிலேர்ந்து கூடைய டிக்கில ஏத்து. நானே கொண்டாந்து வுடுறேன்.

புஷ்பவல்லி: யாரு வண்டில? நாறும்யா!

சுப்புராயன்: நாறட்டும். நாம இன்னா சென்ட்டு கடையா வச்சிகீறோம்?

புஷ்பவல்லி: ...அய்யே. எதுக்குயா கண்ண தொடைக்கிற?

சுப்புராயன்: ஏசி காத்து நேரா அடிக்குது. ...புஷ்பா, ஒன்னு சொல்லணும். திட்டக்கூடாது.

புஷ்பவல்லி: சொல்லு, அப்பால பாக்கலாம்.

சுப்புராயன்: நீ லோடு வண்டிக்கு ஆசப்படுறன்னு நெனைச்சேன்மே. வாணாம்னு சொல்லவும் வாயி வரல, விக்கவும் மனசு வரல. அதான்... அந்த பிளக்கு தானா கயளல. கீய படுத்து புடுங்குனது நாந்தான். இன்னாமே, கோவமா?

புஷ்பவல்லி: கோவம் வராம? அன்னிக்கு காலீல வந்து பாத்தா, பம்பருக்கு கீயேர்ந்து உன் காலு மட்டும் நீட்டிகினு கீது... அறிவுகெட்ட மனுசா, பிளக்க மட்டும் புடுங்குனா பாக்குறவன் திரும்ப மாட்டிட மாட்டானா? அதான், நீ கடலுக்கு போனப்புறம் மீனு கத்திய எடுத்தாந்து நா வயரையே அறுத்துட்டேன்!